லீவு நமக்கு, சீசன் ஆச்சிக்கு

ஏப்ரல் முதல் இரண்டு வாரம் எங்கள் வங்கிக் கிளையில் பெரியவர்கள் கூட்டம் அதிகமாக இருக்கும். டெபாசிட் வட்டிக்கு வரி பிடிக்காதீர்கள் என்று எழுதிக் கொடுக்கும் படிவத்தைப் புது நிதியாண்டுக்காகக் கொடுக்க வருவார்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் காலாண்டு வட்டியும் ஏப்ரல் தொடக்கத்தில்தான் கணக்கில் ஏறும். பாஸ்புக்கில் பதிந்து பார்த்துவிட்டு, கையோடு கொஞ்சம் பணமும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

நான் வேலை பார்ப்பது தில்லியில். வருகிற பெரியவர்களில் பஞ்சாபிகளும் கட்வாலிகளும்தான் அதிகம். மாதாமாதம் ஐயாயிரம் எடுக்கிறவர் திடீரென்று இருபதாயிரத்துக்கு ஸ்லிப் நீட்டினால் காரணம் கேட்பேன். (கேட்டுத்தான் ஆகவேண்டும். போனில் மிரட்டிப் பெரியவர்களிடம் பணம் பறிக்கிற கூட்டம் பெருகிக் கிடக்கிறது.) ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "பச்சே ஆ ரஹே ஹைன்." பிள்ளைகள் வருகிறார்கள். சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்!

நமக்கெல்லாம் வருடக் கணக்கு மார்ச் 31-ல் முடிகிறது. இவர்களுக்கு மே, ஜூனில்தான் கணக்கே தொடங்குகிறது. மீதி பத்து மாதமும் அதற்கான காத்திருப்பு.

இதை இப்போது சொல்லக் காரணம், நம்மைப் போல ஊரை விட்டு வந்த குடும்பங்களில் வருடா வருடம் இந்த நேரத்தில் நடக்கும் வாக்குவாதம். "இந்த வருஷம் ஊருக்குப் போகணுமா? அந்த வெயில்ல, ஏசி இல்லாம, பிள்ளைங்க என்ன பண்ணும்? பேசாம அவங்களை இங்கே கூட்டிட்டு வந்துடலாம். இல்லேன்னா எல்லாரும் மணாலியிலோ ஊட்டியிலோ ரூம் போட்டு ஒண்ணா இருக்கலாம்." உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர் :-)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடை விடுமுறை நமக்கு வெறும் லீவு. ஊரில் இருக்கிற ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் அதுதான் சீசன். அந்தச் சீசனில் அதிகாரம் அவர்களிடம் இருக்க வேண்டும். செலவும் வேலையும் நம்மிடம் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. செலவும் வேலையும் அவர்கள் தலையில், அதிகாரம் நம் கையில்!

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டை வைத்தே பேசுகிறேன். என் மாமியார் வீடு. அம்பாசமுத்திரம் பக்கம். அத்தைக்கு 72 வயது. மாமா தவறி ஒன்பது வருடம் ஆகிறது. குடும்ப பென்ஷன் வருகிறது. பழைய ஓட்டு வீடு, புறவாசலில் ஒரு கிணறு, அதைச் சுற்றி ஒரு பத்து சென்ட் இடம். மூத்த மகள் கோயம்புத்தூரில், இரண்டாவது மகள் (நம்ம தங்கமணி) தில்லியில், மகன் பெங்களூரில். எல்லாரும் வந்தால் அத்தையோடு சேர்த்து 12 தலை.

அந்த வீட்டில் கோடை எப்போது தொடங்குகிறது என்று நினைக்கிறீர்கள்? மே மாதத்தில் இல்லை, மாசியிலேயே தொடங்கிவிடுகிறது. மாசி, பங்குனி வெயிலில் கூழ் வடகம் ஊற்றியாக வேண்டும். மோர் மிளகாய், சீனியவரைக்காய் வத்தல், மிதுக்க வத்தல், சுண்டவத்தல் எல்லாம் காய்ந்து டப்பாவுக்குள் போக வேண்டும். ஒவ்வொரு டப்பாவும் யாருக்கு என்பது அத்தை மனதில் ஏற்கனவே எழுதியாகிவிட்டது. சகலைக்கு மிதுக்க வத்தல், எங்கள் வீட்டுக்கு மோர் மிளகாய், பெங்களூர்ப் பிள்ளைகளுக்குக் கூழ் வடகம்.

அடுத்தது தோட்டம். நகரத்தில் இருக்கிற நாம் தோட்டம் என்றால் அழகுக்கு என்று நினைக்கிறோம். அத்தைக்கு அது ஒரு கால அட்டவணை. நாங்கள் டிக்கெட் எடுத்த தேதியை போனில் சொன்னதும் அத்தை பின்னோக்கி எண்ண ஆரம்பித்துவிடுவார். வெண்டை விதை போட்டு முதல் காய் பறிக்க சுமார் 45 நாள் ஆகும். சிறுகீரைக்கு 25 நாள் போதும். பேரன் வந்து இறங்குகிற அன்று வெண்டைச் செடியில் காய் தொங்க வேண்டும், கீரை பறிக்கிற பதத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரிதான் விதை விழும். எந்த வேளாண்மைக் கல்லூரியிலும் இந்தப் பட்டம் கிடையாது. ஆடிப் பட்டம், தைப் பட்டம் மாதிரி இது பேரன் பட்டம்.

சித்திரை வெயிலில் அந்தச் செடிகளைக் காப்பாற்றுவது சாதாரண வேலை இல்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போயிருக்கும். துணி அலசின தண்ணீர் வாழைக்கு, பாத்திரம் கழுவின தண்ணீர் முருங்கைக்கு, நல்ல தண்ணீர் பாத்திக்கு என்று பிரித்துப் பிரித்து ஊற்ற வேண்டும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன், சாயங்காலம் வெயில் இறங்கிய பின். 72 வயதில் ஒருவர் இதைச் செய்கிறார் என்றால் அது பொழுதுபோக்குக்காக இல்லை.

சரி, பிள்ளைகள் வந்த பிறகு என்ன நடக்கிறது?

ஆளுக்கு ஒரு பாத்தி. என் மகளுக்கு வெண்டை, மகனுக்குக் கீரை, கோயம்புத்தூர்க்காரனுக்கு மிளகாய். யார் பாத்தி வாடினாலும் அவரவர் பொறுப்பு. தில்லியில் தண்ணீர் குடித்த டம்ளரைக்கூட மேசையிலேயே வைத்துவிட்டுப் போகும் என் மகன், அங்கே சாயங்காலம் ஐந்தரைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். உச்சி வெயிலில் ஆர்வக்கோளாறில் தண்ணீர் ஊற்றப் போனால், "ஏல, இப்ப ஊத்தாத. வேர் வெந்து போவும்" என்று சத்தம் வரும். அவ்வளவுதான், வாளி கீழே. நான் சொன்னால் இந்த மரியாதை கிடைக்காது.

பிச்சியும் மல்லியும் கோடையில்தான் கொட்டோ கொட்டென்று கொட்டும். சாயங்காலம் மொட்டு பறிக்கிற வேலை பேத்திகளுக்கு. அத்தை திண்ணையில் உட்கார்ந்து கட்ட, பிள்ளைகள் எண்ணி எண்ணிக் கொடுக்க, பக்கத்து வீட்டுக்கு ஒரு முழம், கோயிலுக்கு ஒரு முழம் என்று பங்கு பிரியும். நுங்குக்காரர் வந்தால் அத்தைதான் பேரம் பேசுவார். எந்த மாமரத்துக் காய் ஊறுகாய்க்கு, எது பழுக்க வைக்க என்பதும் அவர் முடிவு. மூன்று வாரம் அந்த வீட்டில் அவர் ஒரு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் மாதிரி இருக்கிறார். மற்ற மாதங்களில் அவருக்கு என்ன அதிகாரம்? ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு போன்.

பழைய ஞாபகங்கள் விஷயத்திலும் நான் கவனித்த ஒன்று உண்டு. "ஆச்சி, உங்க சின்ன வயசுக் கதையைச் சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணணும்" என்று என் மகள் போனை நீட்டியபோது அத்தை, "என்னத்தச் சொல்ல?" என்று சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு கதையும் வரவில்லை. மறுநாள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளம், அன்றைக்கு மாமா வேலை முடிந்து எந்த வழியாக வீடு வந்து சேர்ந்தார், அடுப்பு எரியாமல் என்ன சாப்பிட்டோம் என்று இரண்டு மணி நேரம் தானாக வந்தது. கை வேலை செய்தால்தான் வாய் திறக்கும். பெரியவர்களின் நினைவுகள் அவர்கள் புழங்குகிற பொருட்களோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் புளியும் முறமும் திண்ணையும் மணாலி ஓட்டல் அறையில் கிடைக்காது.

இப்போது எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருவோம். "இவ்வளவு கஷ்டம் அவங்களுக்கு எதுக்கு? நம்மகூட வந்து நிம்மதியா இருக்கட்டும்" என்பது. கேட்க நல்ல எண்ணமாகத்தான் இருக்கிறது. அத்தையை ஒரு கோடையில் தில்லிக்கு அழைத்து வந்தோம். மூன்றாவது மாடி வீடு. 2024 மே கடைசியில் தில்லியில் பல இடங்களில் வெயில் 45 டிகிரியைத் தாண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, ஏசி போட்டு, சோபாவில் உட்கார வைத்தோம். குறையே இல்லை. சாப்பாடு தட்டில் வந்தது. ஆனால் எதைத் தொட்டாலும் "நீங்க விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்". இந்தி தெரியாது, லிப்டில் யாரோடும் பேச முடியாது. பால்கனியில் இருந்த ஆறு தொட்டிக்கு ஒரு நாளில் நான்கு தடவை தண்ணீர் ஊற்றினார். நான்காவது நாள் துளசி அழுகத் தொடங்கியது. பதினோராவது நாள், "மாப்ள, டிக்கெட் கெடைக்குமான்னு பாருங்க. வாழைக்கு யார் தண்ணி ஊத்துதாளோ தெரியல" என்றார்.

தன் வீட்டில் பந்தி பரிமாறுகிறவரை நம் வீட்டில் பந்தியில் உட்கார வைக்கிறோம். அதற்கு நாம் வைத்த பெயர் ஓய்வு.

ஆகவே போவது நாமாகத்தான் இருக்க வேண்டும். எப்படிப் போவது என்பதில்தான் எனக்குச் சில உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு.

1. எல்லாரும் ஒரே நேரத்தில் போய்க் குவியாதீர்கள். தில்லிப் பள்ளிகளில் விடுமுறை மே பாதியில் தொடங்கி ஜூன் கடைசி வரை. தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. பெங்களூரில் ஏப்ரலும் மேயும். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து இருக்க முடிவது மே பிற்பகுதியில் ஏறக்குறைய பதினைந்து நாள்தான். இதை எல்லாரும் ஒரு குறையாகவே சொல்கிறோம். என்னைக் கேட்டால் இது வரம். 72 வயதுக்காரருக்கு 12 பேர் பதினைந்து நாள் என்பது சுமை. நான்கு பேர், நான்கு பேராகப் பத்து வாரம் என்பது சந்தோஷம். பெங்களூர்க்காரர்கள் ஏப்ரலிலும், கோவைக்காரர்கள் மேயிலும், நாங்கள் ஜூனிலும் என்று பிரித்துக்கொண்டு, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்காக ஒரு வாரம் மட்டும் எல்லாரும் சேர்ந்தால் போதும். ஜூன் நம் பங்குக்கு வருவதில் லாபமும் இருக்கிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்கும் மாதம் அது. இன்னொரு முக்கியமான விஷயம், எல்லாரும் ஒரே நாளில் கிளம்பி, ஒரே நாளில் வீடு வெறிச்சோடிப் போவது இல்லாமல் இருக்கும். அந்த மறுநாள் காலை அவர்களுக்கு எப்படி விடியும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

2. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு வாருங்கள். நமக்கு லீவு ஒரு வாரம்தான் கிடைக்கும். வங்கியில் மே, ஜூன் மாதங்களில் மாறுதல் உத்தரவு வேறு வந்து நிற்கும், எங்கே போட்டிருக்கிறார்களோ என்று வயிற்றைக் கலக்கும். அதற்காகப் பிள்ளைகளின் ஆறு வார விடுமுறையும் ஒரு வாரமாகச் சுருங்க வேண்டியதில்லை. கொண்டுபோய் விட ஒருவர், கூட்டிவர ஒருவர். நாம் இருந்தால் பிள்ளைகள் எதற்கும் நம் முகத்தைத்தான் பார்க்கும். நாம் இல்லாதபோதுதான் ஆச்சி முகத்தைப் பார்க்கும். ஆற்றங்கரை ஊராக இருந்தால் பெரியவர் துணை இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்ற ஒரே விதியை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

3. பணம் விஷயம். இதில் எனக்குப் பேச உரிமை உண்டு, என் பிழைப்பே இதுதான் :-) மூத்த குடிமக்கள் திட்டத்தில் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் ஆனது. அந்த விகிதத்தில் 15 லட்சம் போட்டவருக்குக் காலாண்டுக்கு 30,750 ரூபாய் வரும். மாதத்துக்கு 10,250. மருந்து, கரண்டு, வேலைக்காரம்மா சம்பளம் போக மிஞ்சுவதில் 12 பேருக்குப் பாலும் மாம்பழமும் கேஸும் வாங்கினால் அந்த வட்டி எத்தனை நாள் தாங்கும்? இப்படிச் சேமிப்பை உடைத்துப் பேரப் பிள்ளைகளுக்குப் பண்டம் வாங்கும் பெரியவர்களை நான் கவுண்டரில் பார்க்கிறேன். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கையில் ரூபாயைத் திணித்தால் அவர்களுக்குக் கூச்சம், நமக்கும் சங்கடம். "சாப்பாட்டுக்குக் காசா தார?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதிலாக, போவதற்கு ஒரு மாதம் முன்பே கணக்கில் போட்டுவிடுங்கள். பால்காரர், மளிகைக் கடை, கேஸ் மூன்றையும் அந்த மாதத்துக்கு நீங்களே நேரடியாகக் கட்டிவிடுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவருக்கு அந்த மாதம் இரட்டைச் சம்பளம் கொடுங்கள், 12 பேர் பாத்திரம் தேய்ப்பது அவர்தானே. வீட்டுக்கு வீடு எவ்வளவு என்பதை அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகள் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். அவர்கள் காதில் விழும்படி பேசாதீர்கள்.

4. வேலை விஷயம். ரங்கமணிகளே, இது நமக்கு. மாமியார் வீட்டில் மாப்பிள்ளை ஈஸி சேரில் உட்கார்ந்து காபிக்குக் குரல் கொடுக்கும் காலம் மலையேறிவிட்டது. கல்யாணமான பெண்களுக்கு அம்மா வீட்டு மே மாதம்தான் வருடத்தில் உண்மையான ஓய்வு. வட இந்தியர்கள் 'நானி வீடு' என்று உருகுகிறார்கள், மராத்திக்காரர்கள் 'மாமா ஊர்' என்கிறார்கள், வங்காளிகளுக்கு 'மாமார் பாடி'. கவனித்தீர்களா, எல்லாமே அம்மாவின் பிறந்த வீடு. அந்த ஓய்வு மகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று தாய் அடுப்படியில் வேகிறார். தாய் வேகிறாளே என்று மகளும் அடுப்படிக்குள் போகிறாள். முடிவில் இருவருக்கும் ஓய்வு இல்லை. காலை டிபனை ஆண்கள் எடுத்துக்கொள்ளலாம். நானும் சகலையும் இட்லி ஊற்றுவதில் இப்போது கை தேர்ந்துவிட்டோம். சட்னியில் உப்பு எவ்வளவு என்பதை மட்டும் அத்தை வந்து சொல்லிவிட்டுப் போவார். அது அதிகாரம், அதை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது.

5. 'சுத்தம் செய்கிறேன்' என்று கிளம்பாதீர்கள். இரண்டு வாரத்துக்கு வந்தவர் பரணில் ஏறி, "எதுக்கு இத்தனை பழைய டப்பா?" என்று பாதியை வெளியே எறிவது பல வீடுகளில் நடக்கிறது. அடுத்த மாசியில் வத்தல் போட்டு வைக்க அந்த டப்பா வேண்டும். நமக்குக் குப்பையாகத் தெரிவது அவர்களுடைய அடுத்த கோடை. பிள்ளைகளின் சாப்பாட்டு நேரம், போன் நேரம், தூங்கும் நேரம் எல்லாவற்றிலும் அந்த வீட்டுச் சட்டமே நடக்கட்டும். ஆறு வாரத்தில் யாரும் கெட்டுப்போய்விட மாட்டார்கள்.

6. கிளம்பி வந்த பிறகும் தோட்டத்தை விட்டுவிடாதீர்கள். நம் பிள்ளைகள் ஜூன் கடைசியில் வண்டி ஏறிவிடுகிறார்கள். அடுத்த இரண்டு, மூன்று வாரத்தில் ஆடி பிறக்கும், விதைப்பு தொடங்கும். பறிப்பதற்கு மட்டும் வந்துவிட்டு விதைக்கும்போது காணாமல் போகும் பேரப் பிள்ளைகளாக இருக்க வேண்டாமே. "என் பாத்தியில இப்ப என்ன போட்டீங்க?" என்று வாரம் ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?" என்ற கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் வந்து போன் கட்டாகிவிடும். பாத்தியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் ஓடும்.

எல்லாத் தாத்தா பாட்டிக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. "எனக்கு முடியலப்பா, ரெண்டு நாள் வந்து பார்த்துட்டுப் போங்க" என்று சொல்கிற பெரியவர்களும் உண்டு. அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாட்டி என்றால் வடை சுட்டே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முழங்கால் வலியோடு ஐம்பது தோசை சுட வைத்துவிட்டு, அதைப் படம் எடுத்து 'பாட்டி கைப்பக்குவம்' என்று வாட்ஸ்அப்பில் போடுவதை என்னால் ரசிக்க முடிவதில்லை. அவர்களிடம் கேளுங்கள். எத்தனை நாள், எத்தனை பேர் என்று அவர்களே சொல்லட்டும். அதுவும் அதிகாரத்தில்தான் சேர்த்தி. ஊரில் வீடே இல்லாமல் நம்மோடு வந்துவிட்ட பெரியவர்களுக்கும் வழி உண்டு. பால்கனி முழுவதும் அவர்கள் பொறுப்பு என்று விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் கடைசி வார்த்தை அவர்களுடையதாக இருக்கட்டும். அத்தைக்கு நடந்த மாதிரி துளசி அழுகினால் அழுகட்டும், இன்னொரு கன்று இருபது ரூபாய்.

இதெல்லாம் ஒரு பக்கம். எங்கள் குடும்பத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு இதைவிடப் பெரியது. வீட்டை விற்றுவிடலாமா என்பதுதான் அது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அத்தை தனியாக இருந்தார். கரண்டு போய்விட்டது. போன் போகவில்லை. இரண்டு நாள் நாங்கள் மூன்று ஊரிலிருந்தும் மாறி மாறி அடித்துக்கொண்டே இருந்தோம். மூன்றாவது நாள் பக்கத்து வீட்டுத் தம்பி எங்கோ போய் சிக்னல் பிடித்து, "ஆச்சி எங்க வீட்லதான் இருக்காங்க" என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அன்றிலிருந்து மச்சினன் ஒரே பிடியாக நிற்கிறான். "அத்தான், இன்னொரு தடவை இப்படி ஆனா நம்மால தாங்க முடியாது. வித்துட்டு அம்மாவை பெங்களூர் கூட்டிட்டுப் போறேன். மே மாசம் எல்லாரும் எங்கேயாவது சேர்ந்து போவோம்."

அவன் பயம் நியாயமானது. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் முடிவு தவறு என்றே நினைக்கிறேன். வெள்ளத்தில் அத்தையைக் காப்பாற்றியது யார்? பக்கத்து வீடு. நாற்பது வருடமாக முருங்கைக்காயும் பிச்சிப்பூவும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த உறவு அது. பெங்களூரில் எட்டாவது மாடியில் அப்படி ஒரு பக்கத்து வீட்டை 72 வயதுக்கு மேல் சம்பாதிக்க முடியுமா? பயத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம். இரவு துணைக்கு ஒருவர், கரண்டு போனாலும் எரிகிற விளக்கு, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் மூன்று வீட்டிலிருந்தும் மாறி மாறி யாராவது போய் இருப்பது. கோடைக்கு முறை போட முடிகிற நமக்கு மழைக்கும் முறை போட முடியாதா?

வங்கியில் வீட்டு மதிப்பீட்டு அறிக்கைகளைப் பார்ப்பது என் அன்றாட வேலை. மனைக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு, வயதுக்குத் தேய்மானம் இவ்வளவு. நான் பார்த்தவற்றில் கிணற்றுக்கு ஒரு வரி வந்ததுண்டு. பிச்சிக்கொடிக்கு வந்ததில்லை. விற்றால் வரும் தொகையை மூன்றாகப் பிரித்து எஃப்.டி. போட்டால் மாதம் எவ்வளவு வட்டி வரும் என்று எனக்கு நிமிடத்தில் சொல்லத் தெரியும். அந்த வட்டியில் ஒரு மாசி மாதமும் வராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு அத்தை பெயரில் இருக்கிறது. கேட்க வேண்டிய ஆளும் அவர்தான். எங்கள் மூன்று வீட்டு வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி எத்தனையோ செய்தி ஓடிவிட்டது. அந்தக் குழுவில் அத்தை இல்லை! இந்தக் கோடையில் எல்லாரும் சேர்ந்திருக்கும் அந்த ஒரு வாரத்தில் அவர் முன்னால் உட்கார்ந்து இதைக் கேட்டுவிட வேண்டும் என்று தங்கமணியும் மதினியும் சொல்லியிருக்கிறார்கள். அவர் "வித்துருங்க" என்று சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். "இருக்கேன்" என்று சொன்னால் மச்சினனும் திறக்கக் கூடாது. இதுதான் ஒப்பந்தம்.

உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான். ரயிலில் முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரிலிருந்து 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள், தட்கால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். டிக்கெட் கையில் வந்ததும் முதல் போன் ஊருக்குப் போகட்டும். வெண்டைக்கு 45 நாள் வேண்டும். மீதி இருக்கும் 15 நாளில் அவர்கள் பாத்தியைக் கொத்தி, எரு போட்டு, விதை தேடி எடுக்க வேண்டாமா?